கடையில் புரட்டிப் பார்த்துவிட்டு போனில் ஆர்டர் போடுகிறார்கள்: மதுரையில் ஒரு புத்தகக்கடைக்காரன் கேட்கிறேன்

நோட்டுக்கடை (இழையைத் தொடங்கியவர்)

மேலமாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் புத்தகக்கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அப்பா காலத்தில் மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்துக்குள், ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவில் கிடைத்த இடம்தான் எங்கள் கடை. ஒரு பக்கம் தையல் மெஷின் ஓடும், எதிரே பித்தளைப் பாத்திரம், நடுவில் நாங்கள். யாளிக்குக் கீழே உட்கார்ந்து பஞ்சாங்கமும் பள்ளிக்கூட நோட்டும் விற்றோம். அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றுவதற்குப் பல வருடம் முன்பே அப்பா இந்தச் சந்துக்கு வந்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு அம்மாவும் கல்லூரியில் படிக்கிற மகளும் வந்தார்கள். அரை மணி நேரம் இருந்தார்கள். ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து ஆறு புத்தகம் எடுத்துக் கொடுத்தேன். எதை முதலில் படிக்கலாம் என்று அந்தப் பிள்ளை கேட்டது, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, போனில் அட்டையைப் படம் பிடித்தது. "அண்ணே, இதில் 399 போட்டிருக்கு, ஆன்லைனில் 251க்குக் கிடைக்குதே" என்றது. நான் பத்து சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்றேன். அம்மா தயங்கினார். மகள் அங்கேயே நின்று ஆர்டர் போட்டுவிட்டது. போகும்போது இரண்டு பேரும் ரொம்ப நன்றி சொன்னார்கள். நிஜமாகவே சொன்னார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 148 ரூபாய் ஒரு குடும்பத்துக்குச் சின்னப் பணம் இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் எனக்கு அடக்கமே 279 ரூபாய். நான் வாங்குகிற விலையைவிடக் குறைவாக வீட்டு வாசலுக்கே வருகிறது என்றால் நான் இன்னும் எதைக் குறைப்பது? ராத்திரி தூக்கம் வரவில்லை. விலையைக் குறைப்பதா, நானும் ஆன்லைனில் ஏறுவதா, கதைப் புத்தகத்தை எல்லாம் எடுத்துவிட்டு நோட்டும் கைடும் மட்டும் வைப்பதா? இந்தத் தொழிலில் இருப்பவர்களும் வாங்குபவர்களும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

வைகைவடகரை

அண்ணே, அந்தப் பிள்ளை செய்ததை நானும் செய்திருக்கிறேன். உங்கள் கடையில் இல்லை, வேறு கடையில். அதைச் சொல்லாமல் இங்கே பேசினால் சரியாக இருக்காது.

எனக்கு இலந்தைகுளத்தில் வேலை. முடிந்து கிளம்ப ராத்திரி எட்டாகிவிடும். மாசி வீதிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பாதிக் கடை சாத்தியிருக்கும். போனில் இரண்டு தட்டு தட்டினால் மூன்றாம் நாள் வீட்டுக்கு வருகிறது. விலை மட்டும் காரணமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் 251 எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். பிளிப்கார்ட் 2007இல் தொடங்கியபோது விற்றது புத்தகம் மட்டும்தான். அமேசான் 2013 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதும் புத்தகத்தையும் சினிமா டிஸ்க்கையும் வைத்துத்தான் தொடங்கியது. காரணம் இருக்கிறது. புத்தகம் கெடாது, உடையாது, சட்டை மாதிரி அளவு பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐ.எஸ்.பி.என். எண் இருப்பதால் தேடுவது சுலபம், இது அதுதானா என்ற சந்தேகமும் வராது. முதல் முறை ஆன்லைனில் பணம் கட்டப் பயப்படுகிறவனுக்கு 200 ரூபாய்ப் புத்தகம்தான் சரியான தூண்டில். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் போன், துணி, மிக்ஸி எல்லாம் அங்கேயே வாங்குவான். அதனால் புத்தகத்தில் லாபம் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருந்ததில்லை. உங்களுக்கு இருக்கிறது.

கீழமாசிமளிகை

தம்பி சொல்வதை எங்கள் தெருவில் இப்போது கண்ணால் பார்க்கிறோம். கீழமாசி வீதியில் மூன்று தலைமுறையாக மளிகை. மொத்தமும் உண்டு, சில்லறையும் உண்டு. பிஸ்கட், சோப்பு மாதிரி கம்பெனிச் சரக்கில் எங்களுக்கு நிற்பது நூற்றுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு ரூபாய். அதில்தான் கரண்டு, ஆள் கூலி, எலி கடித்தது எல்லாம். பத்து நிமிட டெலிவரி ஆப்பில் சில நாள் பார்த்தால், டீலர் எனக்குப் போடுகிற விலைக்கும் கீழே போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை என் மருமகனே அதில் வாங்கிக் கடையில் வைக்கலாமா என்று கேட்டான்.

சட்டம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் சந்தை சொந்தச் சரக்கை வைத்து விற்கக் கூடாது, விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்து வைக்கலாம், அவ்வளவுதான். 2018 டிசம்பரில் அதை இன்னும் இறுக்கினார்கள், 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறை. தான் பங்கு வைத்திருக்கிற கம்பெனியின் சரக்கைத் தன் தளத்தில் விற்க விடக் கூடாது, விலையில் தலையிடக் கூடாது என்று அதில் இருக்கிறது. 2020 ஜனவரியில் வியாபாரிகள் சங்கம் ஒன்றின் புகாரின் பேரில் போட்டி ஆணையம் இரண்டு பெரிய கம்பெனிகள் மேலும் விசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்கு கோர்ட்டுக்குக் கோர்ட் அலைகிறது. அதற்குள் என் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரை இறக்கி, இடத்தை போன் உறை விற்கிறவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

ஆனால் நோட்டுக்கடை தம்பி, மளிகைக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. என்னிடம் மாதக் கணக்கு இருக்கிறது. சிட்டையில் எழுதிக்கொண்டு முதல் தேதி கொடுக்கிற குடும்பம் நாற்பதுக்கு மேல். அவர்கள் ஆப்புக்குப் போகவில்லை, ஏனென்றால் ஆப் கடன் கொடுக்காது. புத்தகத்துக்கு யாரும் மாதக் கணக்கு வைப்பதில்லையே.

நோட்டுக்கடை

வைப்பார்கள் அண்ணாச்சி, அப்பா காலத்தில் வைத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார்கள் சம்பளத் தேதிக்குத் தருவதாக எடுத்துப் போவார்கள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வராத பாக்கியும் அதில்தான் இருக்கிறது.

என் கணக்கையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். வருடத்து வியாபாரத்தில் பாதிக்கு மேல் மே கடைசியிலிருந்து ஜூலைக்குள் முடிந்துவிடும். கைடு, நோட்டு, அட்லஸ், ஜியாமெட்ரி பாக்ஸ். அதற்கு அடுத்தது டிஎன்பிஎஸ்சி புத்தகம். கதை, கவிதை, கட்டுரை எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த ஒரு பங்குக்காகத்தான் கடையை வைத்திருக்கிறேன். நோட்டு விற்க நான் வேண்டியதில்லை.

அந்தப் பாதியிலும் இப்போது ஓட்டை. தனியார் பள்ளிகள் பல, புத்தகம் நோட்டு அட்டை லேபிள் வரை மூட்டையாகக் கட்டிப் பள்ளிக்கூடத்திலேயே கொடுத்துவிடுகின்றன. இதை ஆன்லைன் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நத்தம்ரோடு_மாணவி

அண்ணா, நான் குரூப் 2க்குப் படிக்கிறேன். தினமும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில்தான் இருப்பேன். 2023 ஜூலையில் அது திறந்த பிறகு என்னைப் போல வீட்டில் படிக்க இடமில்லாத எத்தனையோ பேருக்கு அதுதான் வீடு.

வாங்குபவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடப்புத்தகம்தான் எங்களுக்கு அடிப்படை. அது அரசு இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வேண்டிய பாடத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக்கொள்வோம். வினாத்தொகுப்பு மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். அதில் 60 ரூபாய் குறைந்தால் எனக்கு மூன்று நாள் மதியச் சாப்பாடு. ஆன்லைனில் வாங்கினேன். வந்தது போன வருடத்துப் பதிப்பு. திருப்பி அனுப்பினேன், மறுபடியும் அதே பழைய பதிப்பு வந்தது. கடையில் வாங்கியிருந்தால் கையில் எடுத்ததுமே வருடத்தைப் பார்த்திருப்பேன்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைக்காரர், நான் படித்து முடித்த புத்தகத்தைப் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு அடுத்ததைத் தருகிறார். அடித்துக் கிறுக்கியிருந்தால் மட்டும் வேண்டாம் என்பார். என் தோழிகள் எல்லோரும் இப்போது அவரிடம்தான் போகிறோம். நீங்களும் அதைச் செய்யலாம் இல்லையா அண்ணா?

அச்சுமை

சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன், வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தலைப்பு. எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் தமிழில் ஒரு பதிப்பு என்றால் 1200 பிரதி. இப்போது 300 போடவே கை நடுங்குகிறது. கடைக்கு அட்டை விலையில் 30 சதவீதம் கழிவு, அதாவது தள்ளுபடி, தருகிறேன், சில கடைக்கு 35. பணம் வர மூன்று மாதம், ஆறு மாதம். விற்காதது மூலை மடங்கித் திரும்பி வரும். பெரிய ஆன்லைன் தளம் ஒன்றில் நேரடியாக விற்றுப் பார்த்தேன். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு அவர்கள் கமிஷன், ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு கட்டணம், அனுப்பும் செலவு எல்லாம் போகக் கைக்கு வந்தது 118 ரூபாய். கடைக்குக் கொடுத்திருந்தால் 140 வந்திருக்கும். ஆனால் அந்தப் பணம் பத்து நாளில் வங்கியில் விழுந்தது. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியவனுக்கு அந்தப் பத்து நாள் எவ்வளவு பெரியது என்று கடைக்காரர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். விற்பனையில் கிடையாது, அவ்வளவுதான். காகிதத்துக்குக் கட்டுகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் பள்ளி நோட்டுக்கு 12 சதவீத வரி போய் ஒன்றுமில்லை என்று ஆனது, நல்லது. அதே நாளில் நாங்கள் வாங்குகிற அச்சுக் காகிதம் 12இலிருந்து 18க்குப் போய்விட்டது. விற்பனையில் வரி இல்லாததால் கட்டியதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அது விலையில்தான் ஏறும்.

எல்லாவற்றையும்விட எங்களைக் கொல்வது டெலிகிராம் பிடிஎப். புத்தகம் வந்த மாதமே ஸ்கேன் செய்து குழுவில் போட்டுவிடுகிறார்கள். "தமிழுக்குச் சேவை" என்று அதற்குப் பெயர். எழுதியவர் அந்தக் குழுவிலேயே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நோட்டுக்கடை

ஐயா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆன்லைன் கம்பெனி எனக்குச் செய்வதைப் பதிப்பகங்களும் எனக்குச் செய்கின்றன.

முன்வெளியீட்டுத் திட்டம் என்று பேஸ்புக்கில் போட்டு, புத்தகம் வருவதற்கு முன்பே 30 சதவீதம் கழிவில் வாசகருக்கு நேராக விற்கிறீர்கள். தேடி வாங்குகிற முதல் நூறு பேர் அதில் வாங்கிவிடுகிறார்கள். அந்த நூறு பேர்தான் என் வாடிக்கையாளர்கள். 2006இல் தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா தொடங்கியபோது அப்பா அவ்வளவு சந்தோஷப்பட்டார், ஊரில் படிக்கிறவர்கள் கூடுவார்கள் என்று. கூடினார்கள். ஆனால் திருவிழாவுக்கு முன்னால் ஒரு மாதமும் பின்னால் ஒரு மாதமும் கடையில் ஈ ஓட்டினோம். "திருவிழாவில் பத்து சதவீதம் குறைப்பார்கள், அங்கே பார்த்துக்கொள்கிறோம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள்.

வருடம் முழுக்க வாடகை கொடுத்து உங்கள் புத்தகத்தைத் தூசி தட்டி வைத்திருப்பவன் நான். புதுப் புத்தகம் வந்த மாதம் மட்டுமாவது எனக்கும் அதே கழிவு கிடைக்க வேண்டாமா?

அச்சுமை

உங்கள் கேள்வி நியாயம்தான். மழுப்ப விரும்பவில்லை. முன்வெளியீட்டுப் பணத்தில்தான் நான் அச்சகத்துக்கு முன்பணமே கொடுக்கிறேன். அரசு நூலகங்களுக்கு வாங்குகிற நூலக ஆணை வந்தால் மூச்சு விடலாம், அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நூறு பேரை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அடுத்த புத்தகத்துக்கு, முன்பணம் கட்டி இருபது பிரதி எடுக்கிற கடைக்கு முன்வெளியீட்டு விலைக்கும் கீழே கொடுத்துப் பார்க்கிறேன். தனிச் செய்தியில் பேசுவோம்.

மேலூர்வாத்தியார்

எல்லாரும் ஊர்க்கடை போகிறது என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் மேலூரைத் தாண்டி உள்ளே போனால் புத்தகக்கடை என்பதே என்றைக்கும் இருந்ததில்லை. ஊர்க்கடை என்று நீங்கள் சொல்வது டவுன்காரர்களுக்குக் கிடைத்த வசதி.

முப்பத்து நான்கு வருடம் தமிழாசிரியர். 1980களில் ஒரு புத்தகம் வேண்டுமானால் சனிக்கிழமை பள்ளி விட்டதும் பஸ் ஏறி மதுரை வர வேண்டும். மேலக்கோபுரத் தெரு, தானப்ப முதலி தெரு, மேலவெளி வீதி என்று நடந்தே சுற்றுவேன். சர்வோதய இலக்கியப் பண்ணையிலும் மீனாட்சி புத்தக நிலையத்திலும் நின்று பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, கையிலிருக்கும் காசுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடுவேன். நின்று படித்ததற்கு அங்கே யாரும் முகம் சுளித்ததில்லை, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். வர முடியாத மாதம் சென்னைக்கு அஞ்சலட்டை போட்டால் வி.பி.பி.யில் வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்வோம். வீட்டுக்கு வருவதும் வந்தபின் பணம் கொடுப்பதும் அப்போதே இருந்ததுதான்.

இப்போது எனக்கு எழுபது வயது. முட்டி வலி. பேத்தி போனில் போட்டுக் கொடுத்தால் வீட்டுக்கு வருகிறது. இதை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. என் பழைய மாணவன் ஒருவன் கொட்டாம்பட்டிப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. முடித்தான். புத்தகம் எல்லாம் ஆன்லைன்தான். அவனுக்கு நீங்கள் என்ன கடையைக் காட்டுவீர்கள்?

எனக்கு ஒரே குறை. ஒரு புத்தகத்தைத் தேடி வந்து அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொன்றை எடுத்துப் போன நாட்கள்தான் என்னை வாசகனாக்கின. ஆன்லைனில் நான் கேட்டது வருகிறது. கேட்கத் தெரியாதது வருவதில்லை.

சுங்குடி_அக்கா

நான் புத்தகக்காரி இல்லை, சேலைக்காரி. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஆன்லைன் இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலிலேயே இருக்க மாட்டேன். விளக்குத்தூண் பக்கம் கடை எடுக்க முன்பணமே லட்சக்கணக்கில் கேட்டார்கள். வீட்டு முன் அறையில் சுங்குடிச் சேலையை விரித்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட ஆரம்பித்தேன். இன்றைக்குச் சேலையில் முடிச்சுப் போடும் பெண்கள் ஆறு பேருக்கு என்னால் வேலை கொடுக்க முடிகிறது.

பெரிய தளத்திலும் ஏறிப் பார்த்தேன் தம்பி. வேண்டாம் என்று இறங்கிவிட்டேன். வந்த பிறகு பணம் என்று போட்டால், பத்தில் இரண்டு மூன்று சேலை வாங்காமலே திரும்பும், போக வரச் செலவு நம் தலையில். ஒரு தடவை என் சேலை போய் வேறொரு கிழிந்த சேலை திரும்பி வந்தது. படம் பிடித்து அனுப்பினேன், மெஷின் பதில்தான் வந்தது. அடுத்த மாதமே என்னுடைய டிசைனை அப்படியே பிரிண்ட் போட்டு "மதுரை சுங்குடி" என்று பாதி விலைக்கு இன்னொருவர் விற்றார். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்காதது சுங்குடியே இல்லை. 2005இல் புவிசார் குறியீடு வாங்கிய பெயர் அது. போனில் படத்தைப் பார்த்து யாருக்கு வித்தியாசம் தெரியும்?

அதனால் நீங்கள் ஆன்லைனில் ஏறுங்கள், ஆனால் உங்கள் சொந்த வாசலில் ஏறுங்கள். யார் வாங்கினார், அவருக்கு என்ன பிடிக்கும் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். பெரிய தளத்தில் விற்றால் அந்தப் பட்டியல் அவர்களிடம் போய்விடும். உங்களுக்கு மிஞ்சுவது பார்சல் கட்டுகிற வேலை.

பிரான்ஸில்_மதுரைக்காரன்

செல்லூரில் பிறந்து இப்போது பிரான்ஸில் இருக்கிறேன். இங்கே ஒரு விஷயம் உண்டு, உங்கள் 251 ரூபாய்க் கதையைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

இங்கே புதுப் புத்தகத்தின் விலையைப் பதிப்பகம்தான் முடிவு செய்யும். எந்தக் கடையும், சின்னதோ பெரியதோ, அதில் 5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. 1981இல் வந்த சட்டம், அப்போதைய கலாச்சார அமைச்சர் ஜாக் லாங் பெயரால் சொல்வார்கள். அன்றைக்கு ஆன்லைன் எங்கே? பெரிய சங்கிலிக் கடைகளுக்கு எதிராகக் கொண்டுவந்தது. அமேசான் வந்த பிறகு அந்த 5 சதவீதத்தோடு இலவச டெலிவரியும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2014இல் இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் போட்டார்கள். உடனே டெலிவரிக்கு ஒரு சென்ட் கட்டணம் என்று வைத்தார்கள், இலவசம் இல்லை என்று காட்ட! இப்போது 2023 அக்டோபரிலிருந்து, 35 யூரோவுக்குக் குறைவாகப் புத்தகம் வாங்கினால் டெலிவரிக்குக் குறைந்தது 3 யூரோ வாங்கியே ஆக வேண்டும்.

நான் இருக்கிற சின்ன ஊரிலும் ஒரு புத்தகக்கடை உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்தில் இப்படி ஒரே விலை என்ற ஏற்பாடு ரொம்ப காலம் இருந்து 1990களில் உடைந்தது. உடைந்ததும் சூப்பர் மார்க்கெட்டுகள் நன்றாக விற்கிற புத்தகத்தை மட்டும் எடுத்துப் பாதி விலைக்குப் போட்டன. அதற்குப் பின் அங்கே எத்தனையோ தனிக்கடைகள் மூடின.

நம் ஊரில் எம்.ஆர்.பி. என்பது மேல் வரம்பு மட்டும்தான். கீழே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். புத்தகத்துக்காவது கீழேயும் ஒரு கோடு போட வேண்டும் என்று பதிப்பாளர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

வைகைவடகரை

இது நல்ல விஷயம். ஆனால் அந்த மாணவித் தங்கச்சி சொன்ன 60 ரூபாயை மறந்துவிடக் கூடாது. விலையைக் கீழே இறங்காமல் கட்டினால் முதலில் அடி அவருக்குத்தான். பிரான்ஸில் ஊருக்கு ஊர் நல்ல நூலகம் இருந்தால் அது தாங்கும். இங்கே கிளை நூலகத்தில் புதுப் புத்தகம் எப்போது வருகிறது என்று பாருங்கள். சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம், அந்தப் பணம் முழுதும் புத்தகமாக மாறினாலே இந்த இழையில் பாதிப் பிரச்சினை தீரும்.

நத்தம்ரோடு_மாணவி

பாடப்புத்தகத்துக்கும் தேர்வுப் புத்தகத்துக்கும் மட்டும் விலக்குக் கொடுக்கலாமே அண்ணா. கதைப் புத்தகத்தை நான் எப்படியும் நூலகத்தில்தான் எடுக்கிறேன்.

நோட்டுக்கடை

பத்து நாளாக இதை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்தேன். சட்டம் வரும்போது வரட்டும், நான் இன்றைக்குச் செய்யக்கூடியதைச் செய்ய ஆரம்பித்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் வருகிற தன்முன்னேற்றப் புத்தகங்களை எடுத்துவிட்டேன். அந்தப் போட்டியில் நான் ஜெயிக்க முடியாது. ஆன்லைனிலும் நடைபாதையிலும் கள்ள அச்சு வேறு. போன மாதம் ஒருவர் ஆன்லைனில் வாங்கிய பிரதியைக் கொண்டுவந்து, எழுத்து மங்கியிருக்கிறது, மாற்றித் தருவீர்களா என்று என்னிடம் கேட்டார். பார்த்ததுமே தெரிந்தது, பத்துப் பக்கத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அந்தத் தட்டு முழுக்க இப்போது தமிழ். மதுரை வட்டார எழுத்து, நாட்டுப்புறவியல், கோயில் வரலாறு. நூற்றாண்டுக்கு முன் அட்டையில் "புதுமண்டபம், மதுரை" என்று போட்டு வந்த அம்மானை, கதைப்பாடல் புத்தகங்களின் பழைய பிரதிகள் அப்பா சேர்த்து வைத்தது கொஞ்சம் உண்டு. அவற்றை விற்கவில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கவே மூன்று பேர் வந்தார்கள்.

மாணவித் தங்கச்சி சொன்னபடி தேர்வுப் புத்தகத்தைப் பாதி விலைக்குத் திரும்ப எடுக்கிறேன். வாசலில் அட்டை எழுதி வைத்த நான்காம் நாளே பதினொரு புத்தகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை திறக்கிறேன். வைகைவடகரை தம்பி, இது உங்களுக்காக.

அக்கா சொன்ன பட்டியலையும் தொடங்கிவிட்டேன். வாட்ஸ்அப்பில் 140 பேர் சேர்ந்திருக்கிறார்கள். புது வரவை வாரம் ஒருமுறை அட்டைப் படத்தோடு போடுகிறேன், ஒவ்வொன்றுக்கும் நான் படித்துவிட்டு நாலு வரி. படிக்காததைப் படித்தேன் என்று எழுதுவதில்லை. அனுப்புவதுதான் பயமாக இருந்தது. 2024 டிசம்பரில் அஞ்சல் துறை பதிவுப் புத்தகத் தபாலை நிறுத்தியபோது கூரியருக்கே பாதி லாபம் போய்விடும் நிலை. 2025 மே முதல் "ஞான் போஸ்ட்" என்று புத்தகத்துக்குத் தனியாக வைத்திருக்கிறார்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், ஆனால் பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். கடைக்காரர்கள் பல பேருக்கு இது இன்னும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்கு இன்னும் நேராகவில்லை. போன மாத வாடகையைக் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கீழமாசிமளிகை

தம்பி, கைமாற்று வேண்டுமானால் வெளியில் வட்டிக்குப் போகாதீர்கள். கடைக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம். அப்படியே அந்தக் கோயில் வரலாறு ஒன்று எடுத்து வையுங்கள், என் அம்மாவுக்கு.

மேலூர்வாத்தியார்

தம்பி, உங்களிடம் சொன்ன மூன்று புத்தகமும் நேற்று மதியம் வந்து சேர்ந்தன. கட்டு நன்றாகப் போட்டிருந்தீர்கள், மூலை மடங்கவில்லை. நாட்டுப்புறவியல் புத்தகத்தில் மட்டும் ஒரு குறை. 96ஆம் பக்கம் முடிந்ததும் மறுபடியும் 81 வருகிறது. 97இலிருந்து 112 வரை காணவில்லை. நடுவில் நல்ல இடத்தில் நிற்கிறேன்.

நோட்டுக்கடை

மன்னிக்க வேண்டும் ஐயா. ஒரு பாரம், அதாவது பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்பு, இரண்டு தடவை சேர்ந்து, அடுத்த பாரம் விட்டுப்போயிருக்கிறது. தைக்கும் இடத்தில் நடக்கிற தவறு. அனுப்புமுன் நான் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். கடையில் மீதி இருந்த நாலு பிரதியையும் இப்போதுதான் பக்கம் பக்கமாகப் பார்த்தேன், இன்னொன்றிலும் அதே குறை, பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பக் கட்டி வைத்துவிட்டேன். நீங்கள் தபாலில் எதையும் அனுப்ப வேண்டாம். வியாழக்கிழமை மேலூரில் ஒரு பள்ளிக்கு நோட்டு இறக்க வருகிறேன், வீட்டுக்கே கொண்டு வந்து மாற்றித் தருகிறேன். அதுவரை நிற்க வேண்டாம், 97 முதல் 112 வரை போனில் படம் எடுத்து இன்று ராத்திரியே அனுப்புகிறேன்.